ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க

பைய எடுங்க தம்பி, பைய. கிளட்ச்சைக் கடைசி வரைக்கும் மிதிக்க வேண்டியதில்லீங்க, பாதிக்கே கேக்கும். ஆங்... பாத்தீங்களா, எப்படி வழுக்கிட்டு வருதுன்னு. இல்லீங்க, இந்தத் தெருவுக்குள்ளயே ஒரு சுத்து சுத்திட்டு நிறுத்தறதெல்லாம் வேண்டாம். தெருவுல எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும். நேராப் போயி, ரங்கம்பாளையம் தாண்டி, சென்னிமலை ரோட்டைப் புடிங்க. அவசரம் ஒண்ணுமில்லையே உங்களுக்கு? இன்னிக்குப் பூராவும் லீவுன்னு போன்ல சொன்னீங்களே. அப்பறமென்ன.

நான் எல்லாப் பார்ட்டிகிட்டயும் சொல்றதுதானுங்க. வெலையெல்லாம் கடைசியில. மொதல்ல ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க. மேடு ஏத்திப் பாருங்க, பள்ளத்துல எறக்கிப் பாருங்க, சந்துக்குள்ள உட்டுத் திருப்பிப் பாருங்க. பொண்ணுப் பாக்கப் போனா ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு எந்திரிச்சு வந்தர்றோம், அது வேற. வண்டிங்கறது அப்படி இல்லீங்க. கூட உக்காந்து கொஞ்ச தூரம் போகோணும். அப்பத்தான் வண்டியும் தெரியும், வாங்கறவனும் தெரிவான்.

உங்க பேரு என்ன சொன்னீங்க? பூபதி. நல்ல பேரு. என்ற பேரு சென்னியப்பன். பேப்பர்ல போட்டிருந்தேனே, பாத்தீங்கள்ல? 'மாருதி எண்ணூறு, ஒரே ஓனர், நேரடிப் பார்ட்டிகள் மட்டும்.' அந்தக் கடைசி வார்த்தை இருக்குது பாருங்க, அது நானே ரோசிச்சுப் போட்டதுங்க.

பழைய காரு விக்கறதுக்கு நாலு வழி இருக்குதுங்க தம்பி. நாலையும் பாத்துட்டேன். இந்த ஈரோட்டுல அதைப் பத்தி என்னை மாதர அக்குவேறா சொல்றதுக்கு ஆளு கெடையாது. எதுத்த ஊட்டுத் தனபாக்கியம் டீச்சரு இருக்குதே, ரிட்டயர்டு டீச்சரு, அது தெனமும் கேட்டுக்கு வந்து நின்னு, "என்னங்கண்ணா, இன்னிக்கும் விக்கலீங்களா?"ன்னு கேக்கும். அதுக்கு என்னங்க தெரியும். ஒரு பொருளை விக்கறதுன்னா நல்ல வழி எது, கெட்ட வழி எதுன்னு பாக்கோணுமா வேண்டாமா?

எதுக்கு விக்கறேன்னு கேட்டீங்கன்னா, கண்ணுங்க. கண்ணுக்குள்ள ஏதோ அழுத்தமாம். டாக்டரம்மா சின்னப் பொண்ணு, டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு, "ஐயா, ஓரத்துல வர்றது எதுவும் உங்களுக்குத் தெரியாது. நேரா இருக்கறதும் மசமசன்னுதான் தெரியும். இனிமேல் வண்டி எடுக்காதீங்க"ன்னு சொல்லிருச்சு. நானும் கம்முனு கேட்டுட்டு வந்து வண்டியை உள்ள உடறேன், கேட்டுத் தூணு வந்து இடிச்சிருச்சு. இடது பக்கம் டிங்கரிங் பாத்திருக்குதுன்னு போன்ல சொன்னனே, அது அந்த இடிதான், மறைக்கலை. தூணு மேல தப்புங்க. கொத்தனாரு அப்பவே குறுகலா வெச்சுட்டான். பதினஞ்சு வருசமா அதே தூணுக்குள்ள நான் போயிட்டு வந்தது என்ற சாமர்த்தியம்.

ஓட்டக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. உக்காரக் கூடாதுன்னு சொல்லலையே. காலையில ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி உடுவேன், பேட்டரி எறங்கிரும்ல. சாயங்காலம் போர்டிகோவுலயே உள்ள ஏறி உக்காந்து ரேடியோ கேப்பேன். ஊட்டுக்குள்ள ரேடியோ இருக்குதுங்க, இல்லாம இல்லை. ஊட்டுக்குள்ள கேட்டா அது பாட்டுக்குப் பேசற மாதர இருக்கும். வண்டியில உக்காந்து கேட்டா எங்கியோ போயிட்டு இருக்கற மாதர இருக்கும். அவ்வளவுதான்.

பாத்துங்க, டவுன் பஸ்ஸுக்காரன் ஒடிப்பான். ஆங், போங்க.

நாலு வழின்னு சொன்னனே. மொதல் வழி, ஷோரூமுல எக்ஸ்சேஞ்சு. பழசைக் குடுத்துட்டுப் புதுசு எடுக்கறது. கண்ணு தெரியாதவனுக்குப் புது வண்டி எதுக்குங்க? சரி, அவிய வெலை என்னதான் சொல்றாங்கன்னு பாப்பமுன்னு வரச் சொன்னேன். டை கட்டுன பையன் ஒருத்தன் வந்தான். வண்டியை ஒரு சுத்து சுத்துனான், டயரைக் காலால ஒரு எத்து எத்துனான், அவ்வளவுதான், பேப்பரை எடுத்துட்டான். ஓட்டிப் பாக்கலீங்களான்னேன். "தேவையில்லீங்க சார், மாடலை வெச்சே சொல்லிரலாம்"ங்கறான். காப்பி போடறேன், சித்த உக்காருங்கன்னேன். அடுத்த ஊட்டுக்குப் போகோணும்னுட்டான். அந்த வழி ஆகாதுங்க.

ரெண்டாவது வழி, போன்லயே வித்துக் குடுக்கற கம்பெனி. அங்கிருந்தும் ஒருத்தன் வந்தான். சீட்டுக்கடியில எல்லாம் குனிஞ்சு போட்டோ எடுத்தான், எஞ்சின்ல என்னமோ ஒரு மிசினைச் சொருகினான். எல்லாம் முடிஞ்சு, "சரீங்க சார், வண்டியை இப்பவே எடுத்துக்கறோம், பணம் இப்பவே ஏறிரும்"ங்கறான். இப்பவேவா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. ஒரு பொருளை ஊட்டை உட்டுத் தாட்டி உடறதுன்னா ஒரு நேரங்காலம் வேண்டாமுங்களா? நாளைக்குக் காலையில எந்திரிச்சு நான் எதை ஸ்டார்ட் பண்ணுவேன்? போப்பா நீயுமாச்சு உன்ற மிசினுமாச்சுன்னு சொல்லிட்டேன்.

மூணாவது, புரோக்கரு. ரபீக்குன்னு ஒரு ஆளு, தங்கமான மனுசன், குத்தம் சொல்ல முடியாது. பார்ட்டியும் கூட்டியாந்தான். ஆனாப் பாருங்க, "அண்ணா, நீங்க ஊட்டுலயே உக்காருங்க, நான் ஓட்டிக் காட்டிட்டு வந்தர்றேன்"னுட்டு என்னை உட்டுப்போட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். என்ற வண்டி, நானில்லாம. அவன் திரும்பி வர்ற வரைக்கும் கேட்டுலயே நின்னேன். போர்டிகோ காலியாக் கெடக்குது. கீழ எண்ணெ சொட்டுன கறை மட்டும். லோகாம்பாளைக் கொண்டுபோனன்னிக்கு ஊடு அப்படித்தான் கெடந்துது. லோகாம்பாள்ங்கறது என்ற ஊட்டுக்காரி. போயிட்டா. எங்களுக்குப் புள்ளகுட்டி இல்லை.

அதனால நான் முடிவு பண்ணது நாலாவது வழி, நேரடிப் பார்ட்டி. அதுதானுங்க உத்தமம். அவியளே வருவாங்க, அவியளே ஓட்டுவாங்க, நான் பக்கத்துல உக்காந்துக்குவேன். எத்தனை பேரு வந்தாங்கங்கறீங்க! ஒரு டாக்டரு வந்தாரு. அருமையா ஓட்டுனாரு, கியரு மாத்தறதே தெரியாது. ஆனா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. நான் கேட்டா ம்முங்கறாரு. அவருக்கு வண்டி குடுக்கப் புடிக்கலை. பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு வாத்தியாரு, நல்லாப் பேசுவாரு, அவரும் ஊட்டுல தனியா இருக்கறவரு. நாலஞ்சு தடவை ட்ரையல் பாத்தாரு. வர்றப்பெல்லாம் வடை வாங்கியாருவாரு. வண்டி வாங்கற மாதர தெரியலை. கடைசியில அவரு மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டானாம், மெட்ராசுக்கு. இன்னொருத்தன் வந்தான், வந்ததும் வராததுமா கேட்ட வெலைக்கே எடுத்துக்கறேன், சாவியைக் குடுங்கன்னு நின்னான். ஓட்டிக்கூடப் பாக்கலை. அப்படிப்பட்டவனை நம்பி எப்படிங்க குடுக்கறது? வேண்டாமுன்னு அனுப்பிச்சுட்டேன். டீச்சரு தலையில அடிச்சுக்குது. அடிச்சுக்கட்டும்.

நீங்க எதுக்குங்க தம்பி காரு வாங்கறீங்க? சின்ன வயசு, கலியாணமும் இன்னும் ஆகலைங்கறீங்க. பைக்கே போதுமே.

தங்கச்சிக்கா?

ஓ. காங்கேயத்துல குடுத்திருக்குதா. மொதல் பிரசவமா. பஸ்ல கூட்டியாரக் கூடாதுன்னு... ம். பொறந்த ஊட்டுல இருந்து கூட்டியாரப் போறப்ப வாடகைக் காரு வேண்டாம், சொந்தக் காருல போயி எறங்கோணும்னு அம்மா ஆசைப்படறாங்களா. இல்லை, நீங்களே ஆசைப்படறீங்க. மொகத்தைப் பாத்தாத் தெரியுது. எனக்கு மொகம் எங்க தெரியுது, குரலைக் கேட்டாத் தெரியுதுங்க.

நல்ல காரியம். ரொம்ப நல்ல காரியம்.

இல்லீங்க, ஒண்ணுமில்லை, ஓட்டுங்க. தூசி அடிக்குது. கண்ணாடியை ஏத்தி உடுங்க.

வெள்ளோடு தாண்டியாச்சா? அப்ப இன்னும் கொஞ்ச தூரத்துல வலது பக்கம் ஒரு கிளை ரோடு பிரியும். பெரிய புளியமரம் ஒண்ணு, அடியில பஞ்சர் கடை. அதுல திருப்பிக்குங்க. ஆமாங்க, மலைக்கு நேராத்தான் போகோணும், தெரியும். இந்த ரோடு எதுக்குன்னா, குறுகல் ரோடு, குண்டும் குழியுமா இருக்கும். சஸ்பென்சன் பாக்கறதுக்கு இதைவிட நல்ல ரோடு இந்தச் சீமையில கெடையாது. நான் எல்லாப் பார்ட்டியையும் இங்கதான் கூட்டியாருவேன். உள்ள ஒரு சின்ன ஊரு வரும். ஊரு பேரு எதுக்குங்க, சின்ன ஊரு. அதைத் தாண்டிப் பால் சொசைட்டி இருக்குது. அங்க வண்டி திருப்ப எடம் இருக்கும். ஒரே ஒடியில திரும்புதான்னு பாத்துக்கலாம்.

பஸ்ஸு உள்ள வருதான்னா கேக்கறீங்க? வருதுங்க. டவுன் பஸ்ஸு. எங்க தெரு முக்குலயே ஏறலாம். ஆனா பஸ்ல வந்தா எறங்கோணும்ல. காருன்னா எறங்காமத் திரும்பிக்கலாம்.

எதுக்குச் சிரிக்கறீங்க?

இங்க ஒரு பச்சைக் கேட்டு ஊடு வரும் தம்பி, இடது பக்கம். முன்னால கொய்யாமரம். வந்ததும் ஹாரன் அடிச்சுப் பாருங்க. சின்னதா ரெண்டு, அப்பறம் நீட்டி ஒண்ணு. ஹாரன் வேலை செய்யுதான்னு பாக்கோணுமுங்களே. வேற எங்கியாச்சும் அடிச்சாப் போதாதான்னு கேக்காதீங்க. இங்கதான் சந்தடி இல்லை, சத்தம் சுத்தமாக் கேக்கும்.

வந்திருச்சா? அடிங்க. சின்னதா ரெண்டு... நீட்டி ஒண்ணு. சபாசு. நிறுத்த வேண்டாம், போயிட்டே இருங்க. போங்க போங்க.

வாசல்ல ஆராச்சும் நின்னாங்களா? சும்மா கேட்டேன், கொழந்தைக கிழந்தைக ஓடியாந்திரும்ல. ஆருமில்லையா. கதவு தொறந்திருந்துதா, சாத்தியிருந்துதா? தொறந்திருந்துது. சரி. திரும்பி வர்றப்ப நல்லாப் பாத்துச் சொல்லுங்க. திரும்பி வர்றப்ப எப்பவும் நிப்பாங்க. வாத்தியாரு ஒரு தடவை, "ஒரு அம்மா மொறத்தை வெச்சுட்டு நிக்கறாங்க"ன்னாரு. டாக்டருகூட அன்னிக்கு ஒரு வார்த்தை பேசுனாருங்க, "பெண்மணி, நீலச் சேலை"ன்னு. போன மாசம் வந்தவன்தான், "கோலு ஊணிட்டு நிக்கறாங்க"ன்னான். கோலா? எப்பத்தில இருந்து கோலு? கால்ல என்னன்னு ஆருகிட்டப் போயி நான் கேக்கறது? அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கலை.

என்ற தங்கச்சிங்க. மயிலாத்தா. கூடப் பொறந்தது அது ஒண்ணுதான்.

பேச்சு வார்த்தை இல்லை. ஒம்பது வருசமாச்சு. நீங்க என்ன நெனைப்பீங்கன்னு தெரியும், இந்தக் கெழவன் என்னமோ பண்ணியிருப்பான்னுதான. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க தம்பி, நாயத்தை.

அதுக்கு ஒரே மக, கோகிலா. எங்களுக்குப் புள்ளை இல்லைன்னு சொன்னனே, அந்தப் பொண்ணுதான் எங்களுக்கு எல்லாம். இந்த வண்டி வாங்குன அன்னிக்கு நேரா இங்கதான் ஓட்டியாந்தேன். மொதமொதல்ல ஏறுனது அந்தப் பொண்ணுதான், இதோ நான் உக்காந்திருக்கற இந்த சீட்டுல. அன்னிக்கே சொல்லிட்டேன், "கோகிலா, உன்ற கலியாணத்துக்கு மண்டபத்துல நீ எறங்கறது இந்தக் காருலதான். மாமன் ஓட்டுவேன்"னு. அது, "சத்தியமா மாமா?"ன்னு கேட்டுது. சத்தியம்னேன். அடிச்சும் குடுத்தேன்.

கலியாணமும் வந்துது. ராத்திரியெல்லாம் முழிச்சு வண்டியை நானே கழுவி, மல்லிப்பூச் சரம் கட்டி, விடியறதுக்கு முன்னால இங்க கொண்டாந்து நிறுத்துனேன். நிறுத்துனா, வாசல்ல இன்னொரு காரு நிக்குது. கப்பல் மாதர. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க அனுப்பிச்சதாம். பொண்ணை அதுலதான் கூட்டியாரோணுமாம். சரி, அவிய வசதி அப்படி. நான் கம்முனுதான் நின்னேன். அப்பத்தான் என்ற மாப்ள, அதாவது மயிலோட ஊட்டுக்காரரு, சின்னச்சாமி, அந்த மனுசன் வேகமா வந்து, "மச்சான், உங்க வண்டி சும்மாத்தான நிக்குது, இந்த எலைக்கட்டையெல்லாம் ஏத்தி மண்டபத்துச் சமையக்கட்டுல கொண்டுபோயிப் போட்டுருங்க"ன்னுட்டாரு. மல்லிப்பூக் கட்டுன வண்டியிலங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள டிக்கியில, பின்னால சீட்டுல, எல்லாம் வாழை எலைக்கட்டு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மண்டபம் வரைக்கும் ஓட்டுனேன். அங்க அந்தக் கப்பலுக்கு மேளம் அடிக்கறாங்க, ஆரத்தி எடுக்கறாங்க. பொண்ணு எறங்குது. என்ற வண்டியைப் பாத்து ஒருத்தன், "சமையல் சாமான் வண்டியெல்லாம் பின்னால போ, பின்னால போ"ன்னு கை காட்டறான். பின்னால போனேன். போயிட்டே இருந்தேன். நேரா ஈரோடு.

லோகாம்பாள் மண்டபத்துலயே நின்னுட்டா. போன் அடிச்சுட்டே இருந்துது. எடுக்கலை. தாய்மாமன் மாலை போட்டுத்தான் பொண்ணை மணவறைக்குக் கூட்டிட்டுப் போகோணும். இல்லாட்டி என்ன, பெரியப்பன் மகன் ஒருத்தன் போட்டுட்டானாம். சாங்கியத்துக்கு வேற ஒருத்தன் நின்னாப் போச்சு. ஆனா எலை? அது டிக்கியிலதான இருக்குது. எனக்கு ஊட்டு வாசல்ல வந்து நிறுத்தி எறங்குனப்பத்தானுங்க ஞாபகமே வந்துது. சாப்பாட்டுப் பந்தி நின்னுபோச்சாம். வேற எலைக்கு ஆளை உட்டுருக்காங்க, முகூர்த்த நாளு, எங்கயும் கெடைக்கலை. கடைசியில பேப்பர் தட்டுல போட்டாங்களாம். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க முன்னால. "தாய்மாமன் எலையைத் தூக்கிட்டு ஓடிட்டான்"னு ஊரெல்லாம் பேச்சு. நான் தூக்கிட்டு ஓடுனனா? நீங்களே சொல்லுங்க. ஏத்துனது ஆரு?

லோகாம்பாள் சாயங்காலம் பஸ்ல வந்தா. எலைக்கட்டு வெராண்டாவுல கெடந்து காஞ்சுது. ஒரு எலையைத் தொடலை அவ. அதுக்கப்பறம் எங்க ஊட்டுல வாழை எலையில சாப்புட்டதே இல்லீங்க. நோம்பி நாளுன்னாலும் தட்டுதான். அவ போற வரைக்கும்.

அவ எழவுக்கு மயிலு வந்துது. வந்து எம்முன்னால நின்னுது. என்னமோ சொல்ல வாயெடுத்துது. நான்தான் அந்நேரத்துக்குப் பந்தல் போட்டவன் வந்தானேன்னு அந்தப் பக்கம் திரும்பிட்டேன். காசு கேக்கறான், பதில் சொல்லோணும்ல. திரும்பிப் பாக்கறப்ப அது போயிருச்சு. பேசோணும்னா நின்னிருக்கலாமே. ரோசம். பொறவு சின்னச்சாமி தவறுனாரு. போனனுங்க, போகாம இருக்க முடியுங்களா. பொறந்த ஊட்டுக் கோடிச் சேலை அண்ணந்தான் கொண்டுபோகோணும். கொண்டுபோயி, ரோட்டுலயே நின்னுட்டு, சொந்தக்காரப் பையன் கையில குடுத்தனுப்பிச்சேன். அது வாங்கிட்டுதாம். கோகிலா பெங்களூருல இருக்குது. இங்க அது மட்டும்தான், அந்தப் பெரிய ஊட்டுல. அது பாட்டுக்கு அங்க. நான் பாட்டுக்கு இங்க.

இப்பச் சொல்லுங்க. மொதல்ல வந்து பேச வேண்டியது ஆரு?

சரி உடுங்க. சொசைட்டி வந்துருச்சுங்களா? பால் கேன் நிக்குதா? அந்த எடத்துல ஒடிச்சுத் திருப்புங்க. பாருங்க, ஒரே ஒடியில திரும்பிருச்சு. இந்த வண்டியில இதுதான் சொகம்.

உங்களுக்கு வண்டி புடிச்சிருக்குதுங்களா? புடிச்சிருக்குது. எடுத்துக்கறீங்க. ம். நான் வெலை சொல்லலையே இன்னும். என்ன வெலைன்னாலுமா? அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுங்க தம்பி. இன்னொரு தடவை வந்து, சாவகாசமா, மலை மேல ஏத்திப் பாத்துட்டு... அடுத்த வாரமேவா நாள் குறிச்சிருக்குது தங்கச்சிக்கு? அப்ப இன்னிக்கே வேணும் உங்களுக்கு.

நெசமாச் சொல்லட்டுங்களா. உங்களுக்குக் குடுக்காம இருக்கறதுக்கு நான் வெள்ளோட்டுல இருந்து ஒரு காரணம் தேடிட்டு வர்றேன். ஒண்ணும் அம்புட மாட்டேங்குது. நல்லாத்தான் ஓட்டறீங்க. பேச்சுக்குப் பேச்சும் குடுக்கறீங்க. தங்கச்சியைக் கூட்டியாரக் கேக்கறீங்க. இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்லி அனுப்பறது? ஆனா வண்டி போயிருச்சுன்னா அப்பறம் ஆரு என்னை இந்த ரோட்டுல... சஸ்பென்சன் பாக்கறதுக்குன்னு ஆரு வருவாங்க? சொல்லுங்க.

கேட்டுக்கிட்ட வந்துட்டமா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நிக்குதா? என்ன சேலை?

ஏன் பிரேக் போடறீங்க? கேட்டுல இல்லையா? எங்க? நடு ரோட்டுலயா? நடு ரோட்டுல கோலை ஊணிட்டா? அட கெரகமே, பாத்துங்க தம்பி, ஓரமா ஒதுங்கிப் போயிரலாம், நிறுத்தாதீங்க. நிறுத்தாதீங்கன்னா... நிறுத்திட்டீங்களே!

உங்க பக்கம்தான் வருது. நான் இந்தப் பக்கம் பாத்துக்கறேன். கண்ணாடியை எறக்காதீங்க. சரி, எறக்குங்க, பெரியவங்க வந்து நிக்கறப்ப மூடி வெச்சா மரியாதை இல்லை.

கேட்டீங்களா? "தம்பி, வண்டி எப்படி ஓடுதுங்க, நீங்க எத்தனாவது ஆளுங்க?"ன்னு கேக்குது. எகத்தாளத்தைப் பாருங்க. சின்ன வயசுல இருந்தே இப்படித்தான். குரலு மட்டும் கொஞ்சம் ஒடைஞ்சிருக்குது. சளி கிளி புடிச்சிருக்குதான்னு கேளுங்க. நான் கேட்டேன்னு சொல்ல வேண்டாம்.

என்ன? எலை போட்டாச்சாமா? உங்களையும் கூட வந்தவரையும் எறங்கச் சொல்லுதா? கூட வந்தவரு! சொல்லுங்க தம்பி அதுகிட்ட, நான் ஒறம்பரையா விருந்துக்கு வரலை, வண்டி விக்க வந்திருக்கேன்னு சொல்லுங்க. சொல்லுங்க, பக்கத்துலதான நிக்குது, அதுக்கும் கேக்கும், ஆனாலும் நீங்க சொல்லுங்க. எங்களுக்குள்ள பேச்சு இல்லை.

...

என்ன சொல்லுது? மெல்லமாச் சொல்லுது, எனக்குச் சரியாக் காதுல உழுகலை. உழுந்துச்சு. நீங்க ஒருக்காச் சொல்லுங்க.

ஹாரன் சத்தம் கேட்டதும் ஒவ்வொரு தடவையும் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போயி எலை அறுக்குதாமா. அறுத்துக் கழுவிப் போட்டுட்டு வாசலுக்கு வந்து நிக்குமாமா. வண்டி நிக்காமப் போனதும் அந்த எலையைக் கொண்டுபோயி மாட்டுக்குப் போடுமாமா. வாழையும் மொட்டையாப் போச்சு, மாட்டுக்கும் எலை சலிச்சுப் போச்சு, ரெண்டு மாசத்துக்கு முன்னால எலை அறுக்கப் போயித்தான் ஈரத்துல வழுக்கிக் காலும் போச்சுன்னு அவருகிட்டச் சொல்லுங்க தம்பிங்குதா.

எனக்காகப் போயா விழுந்துது?

தம்பி. சாப்பாடு என்னன்னு கேளுங்க. அரிசியும்பருப்புமா? நெய் இருக்குதான்னு கேளுங்க. இல்லாம என்ன, இருக்கும். அதுக்குத் தெரியும், நெய்யில்லாம நான் அரிசியும்பருப்பும் தொட மாட்டேன்னு. லோகாம்பாளுக்கப்பறம் அதை ஆக்கிப் போட ஆளில்லைங்க.

இந்தக் கதவு கைப்புடி எங்க இருக்குது? இங்கதான இருக்கும். எங்கூட்டு வண்டியில எனக்கே தெரியலை பாருங்க. சித்த இருங்க, தடவிப் பாக்கறேன். நீங்களா தொறக்கறீங்க? நீங்க அந்தப் பக்கமில்ல இருக்கறீங்க. அப்ப இது ஆரு...

கை இத்தனை காஞ்சு கெடக்குது அம்மிணி. ஊணு, ஊணு. கோலை அந்தப் பக்கம் போடு. என்ற தோளைப் புடி. நீ எனக்குக் கண்ணு தெரியாதுன்னு புடிக்கறயா, நான் உனக்குக் கால் முடியாதுன்னு புடிக்கறனா? சரி, ஆரோ ஆரையோ புடிச்சுட்டுப் போவோம், வாசப்படி பாத்து.

தம்பி, நீங்களும் எறங்குங்க. கை கழுவிட்டு வாங்க. எலை காத்திருக்கப் படாது.

இல்லீங்க, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். வெலை, ஆர்.சி. புக்கு, கையெழுத்து எல்லாம் நாளைக்கு ஊட்டுக்கு வாங்க, பேசிக்கலாம். சாப்புட்டுட்டு இப்படியே நேராக் காங்கேயத்துக்கு உடுங்க. தங்கச்சி பாக்கட்டும். முன்னால சீட்டுல உக்கார வெச்சு, அவிய தெருவுல ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க.

என்னைக் கொண்டுபோயி உடறதைப் பத்தி வெசனப்படாதீங்க. நான் பஸ்ல வந்துக்கறேன்.